நாலு பத்துக்கு வெடிக்கும் காது

ஹவில்தார் எத்திராஜின் வலது காதிலிருந்து பீரங்கி வெடிக்கத் தொடங்கியது அவர் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய இரண்டாம் வருஷம், ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் கேனோடு பதினோராவது ஆளாக அவர் நின்றிருந்தபோது, சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு. முதலில் அவர் வாய் தானாகத் திறந்தது, மூன்று எண்ணும் நேரம் திறந்தபடியே நின்றது, பிறகு காதுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கிளம்பி, பத்தாவது ஆளின் தோளில் கிடந்த துண்டைத் தூக்கிக்கொண்டுபோய் சர்க்கரை மூட்டையின் மேல் போட்டது. எடை போடுகிறவர் தலையைத் தூக்காமலே, "யாருய்யா அது, வரிசையில நின்னுக்கினு வெடி வுடுறது?" என்று அதட்டினார். எத்திராஜுக்கு அந்த அதட்டலும் கேட்கவில்லை, வெடியும் கேட்கவில்லை. அவருக்கு இரண்டு காதும் செவிடு.

ஏன் வெடித்தது என்று என்னைக் கேட்காதீர்கள், வெடித்தது, அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே நாலு பத்துக்கு வெடித்தது, அதற்கடுத்த நாளும். முதல் வாரம் ஊர் பயந்தது, இரண்டாம் வாரம் திட்டியது, மூன்றாம் வாரம் பழகிக்கொண்டது. எங்கள் கருங்காலிமேட்டுக்காரர்கள் எதற்கும் மூன்று வாரத்துக்கு மேல் ஆச்சரியப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. முதலில் பால் கொடுக்க மறுத்த மாடுகள் பிறகு அந்தச் சத்தம் கேட்டால்தான் மடி இறக்கின. பள்ளிக்கூடத்து மணியின் நாக்கு அறுந்து விழுந்தபோது தலைமையாசிரியர் அதை மாற்றவே இல்லை, எத்திராஜ் வெடித்தால் பள்ளி விட்டது என்று அர்த்தம். மலையிலிருந்து இறங்கி மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வேர்க்கடலையைத் தின்னும் குரங்குகளை விரட்ட, கொல்லைக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு அவரை அழைத்துப்போய், வரப்பில் நாற்காலி போட்டு, வலது காதை மலைப்பக்கம் திருப்பி உட்காரவைத்து, வெடித்து முடிந்ததும் மோர் கொடுத்து அனுப்பினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பெண் அழைப்பை நாலு பத்துக்கு வைத்துக்கொண்டு அதிர்வேட்டு வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

அவர் வாய் திறந்தது என்றால் மூன்று எண்ணுவதற்குள் ஊரே இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும், கைக்குழந்தைக்குத் தாய் பொத்துவாள். பொத்திக்கொள்ளாதவள் ஒருத்திதான், அவர் மனைவி பவுனம்மா. வெடித்ததா இல்லையா என்று எத்திராஜுக்குத் தெரியாது அல்லவா, வாயைத் திறந்தபடியே பவுனம்மாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார்; அவள் முகத்துக்கு நேராக வந்து "ஆச்சு" என்பாள்; உதட்டைப் படித்துத் தெரிந்துகொண்டு அவர் வாயை மூடுவார். அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் திறந்த வாயோடு ஏரிக்கரையிலிருந்து வீடு வரை நடந்துவந்து, அவள் திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றிருக்கிறார். "எல்லாரும் பொத்திக்கினா இவுருக்கு யாரு சொல்றது?" என்று கேட்பாள் பவுனம்மா. அந்த வாய் திறப்பைப் பற்றி ஊருக்கு ஒரே அபிப்பிராயம்தான், கொட்டாவி என்று. வயசாகிவிட்டால் சாயங்காலத்தில் கொட்டாவி வராதா என்ன.

நான் தாலுகா ஆபீஸ் வாசலில் புளிய மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுகிறவன், ரைட்டர் என்றால் சுற்றுவட்டாரத்தில் நான்தான். வெடிக்கத் தொடங்கிய நாலாவது மாதம் எத்திராஜ் ஒரு தகரப் பெட்டியோடு என் மேஜைக்கு வந்தார், பின்னால் பவுனம்மா. பெட்டியிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து விரித்தார். பட்டாளத்தை விட்டு வரும்போது அரசாங்கத்துப் பொருளையெல்லாம் ஒப்படைத்ததற்கான சீட்டு அது.

"கம்பளி குடுத்தேன், டீ குடிக்கிற மக்கு குடுத்தேன், பூட்சு ரெண்டு ஜோடி குடுத்தேன். எல்லாத்துக்கும் வாங்கிக்கினோம்னு கையெழுத்துப் போட்டிருக்கான் பாரு. காது ரெண்டையும் அங்கதான் குடுத்துட்டு வந்தேன், பத்தொம்போது வருசம் பீரங்கி பக்கத்துல நின்னு. அதுக்கு மட்டும் சீட்டு இல்ல. வாங்கிக்கினோம்னு ஒரு வரி வாங்கிக் குடு ரைட்டரே, போதும்."

"ஊனப் பென்ஷன்னு ஒண்ணு தருவாங்களாமே, அதையும் சேத்து எழுதுங்கண்ணா" என்றாள் பவுனம்மா.

நான் அவருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "வெளிய வரும்போது டாக்டர் பரிசோதனை பண்ணியிருப்பாங்களே, அப்பவே காது கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன். எத்திராஜ் சங்கடமாகச் சிரித்தார். கேட்கவில்லை என்று சொன்னால் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்று கூட இருந்தவர்கள் பயமுறுத்தினார்களாம், காட்பாடிக்கு டிக்கெட் வேறு எடுத்தாயிற்றாம், டாக்டரின் உதட்டைப் பார்த்துப் படித்தே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, "நல்லா கேக்குது சார்" என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டாராம். பத்தொன்பது வருஷம் வீட்டை விட்டுக் கிடந்த மனுஷன் வேறு என்ன செய்வார் என்று எனக்கும் தோன்றியது, மனு எழுதி அனுப்பினேன்.

ஏழு மாதம் கழித்து இங்கிலீஷில் பதில் வந்தது. மூன்று முத்திரை, நாலு கையெழுத்து. ரேஷன் கடை வாசலில் வைத்து நான்தான் படித்து அர்த்தம் சொன்னேன்: மேற்படி எத்திராஜின் காதுக் குறைபாடு பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் மிகுந்ததும் அல்ல, அது பிறவியிலேயே உடம்பில் அமைந்தது.

ஊர் அமைதியாகக் கேட்டுக்கொண்டது. முத்திரை போட்ட காகிதத்தை எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, அரசாங்கம் எழுதினால் அதில் ஏதாவது இருக்கும் என்று நினைப்பவர்கள். ஒரு வாரம் போனது. மூணாங்கிளாஸில் எத்திராஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோதண்டத்துக்கு மெல்ல ஞாபகம் வந்தது, வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது எத்திராஜின் காதுக்குள் ஊசிப்பட்டாசு மாதிரி ஒன்று வெடித்து, அதற்காகத் தான் வாத்தியாரிடம் அடி வாங்கியது. இன்னொருத்தருக்கு, தூளியில் கிடந்த எத்திராஜ் தும்மியபோது வீட்டு ஓடு விழுந்தது ஞாபகம் வந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி செத்து இருபது வருஷம் ஆகியிருந்தாலும், "புள்ளைக்கு முன்னாடி சத்தம் வந்துச்சி" என்று அவள் சொன்னது இரண்டு மூன்று பேருக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் வந்தது. சின்ன வயதில் கூழ் வார்த்தல் அன்று எத்திராஜோடு கிணற்றில் குதித்தபோது தண்ணீருக்கடியில் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது, கேட்டது என்றுதான் இன்றைக்கும் என் மூளை சொல்கிறது. அது நான் குதித்த சத்தமாக இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

மேல்முறையீடு செய்ய ஆறு மாதம் தவணை இருந்தது. ஊரே ஒன்றுகூடி, நம்ம ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது, எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மகஜர் கொடுப்போம் என்று தீர்மானித்தது. எங்கள் பக்கத்தில் எந்த மனுவுக்கும் ஒரு சூத்திரம் உண்டு. கஷ்டம் எவ்வளவு பழையதோ அவ்வளவு இரக்கம். வீடு இடிந்தது என்று எழுதக் கூடாது, மூன்று தலைமுறையாக இடிந்து கிடக்கிறது என்று எழுத வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சூத்திரத்தில்தான் என் அடுப்பு எரிகிறது. ஆகவே என் கையாலேயே, நல்ல மையில், கண்ணில் நீர் வரும்படியாக எழுதினேன்: 'அய்யா அவர்களே, மேற்படி எத்திராஜ் பிறந்த நாள் முதலாகவே இந்தக் கொடிய துன்பத்தை அனுபவித்து வருகிறார் என்பதை ஊர்ப் பொதுமக்களாகிய நாங்கள் கண்ணாலும் காதாலும் அறிவோம்.' நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பவுனம்மாவும் வைத்தாள். எத்திராஜ் படித்துப் பார்த்துவிட்டு, "பொறந்ததுல இருந்தா?" என்று ஒரு தடவை கேட்டார். "இரக்கம் வரட்டும்பா, சும்மா இரு" என்று கோதண்டம் அவர் முதுகைத் தட்டினான், அவரும் கையெழுத்துப் போட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நாங்கள் அடுத்தவனின் காதைக் கெடுத்தோம். அந்த மகஜரையே எடுத்து மேலே வைத்து, 'குறைபாடு பிறவியிலேயே அமைந்தது என்பதை ஊராரே ஒருமனதாக ஒப்புக்கொண்டுள்ளபடியால்' என்று தொடங்கி மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது மேல்முறையீடும் அதே வரியோடு திரும்பி வந்தது. நான் புளிய மரத்தடியில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, எழுதத் தெரியாதவனாகப் பிறந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் எத்திராஜ் குழம்ப ஆரம்பித்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அவர் திட்டவில்லை. ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அந்தச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"ரைட்டரே, நான் பட்டாளத்துக்குப் போனேனா?"

"இன்னாண்ணே இப்படிக் கேக்கறீங்க?"

"இல்ல, ஊரு பூரா சொல்லுது, ஆபீஸ்ல எழுதறாங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் கொஞ்சம் அப்பிடித்தான் இருக்குது. தூளியில படுத்திருந்தப்பவே பக்கத்துல பீரங்கி இருந்தாப்புல. குண்டு தூக்கிக் குடுத்தவன் ஒருத்தன், மூக்குல தழும்பு, அவன் பேரு நேத்து வரைக்கும் தெரியும். இன்னிக்கு வரல. பொறந்ததுல இருந்தே இதுன்னா, அந்தப் பத்தொம்போது வருசம் நான் எங்கதான் இருந்தேன்?"

ஒரு மனுஷனின் பத்தொன்பது வருஷத்தை நான் ஒரு வரியில் அடித்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பட்டாளத்தில் இருந்ததற்கு ஏதாவது ஒரு அத்தாட்சி, ஒரு படமாவது இருக்கிறதா என்று பவுனம்மாவைக் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கி, புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். பீரங்கிக்குப் பக்கத்தில் இளவயது எத்திராஜ், நல்ல உடுப்பு, நிமிர்ந்த நெஞ்சு, ஆனால் வாய் ஆவென்று திறந்திருந்தது.

"டூட்டியில நின்னுக்கினு கொட்டாவி வுடுறாருண்ணா. இதக் காட்டினா சோம்பேறின்னு நெனைக்க மாட்டாங்களா? அதான் யாருக்கும் காட்டல" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது, படம் திரும்பவும் புடவைக்குள் போனது. எங்களுக்கு வாய்த்த புத்தி அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது சென்னையில் இருக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கான தீர்ப்பாயம் ஒன்றுதான். அங்கே வாதாட வக்கீலம்மா ஒருத்தர் ஒப்புக்கொண்டார். வாய்தா மேல் வாய்தா போய், பங்குனியில் ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். எங்கள் வழக்கு அன்றைய பட்டியலில் முப்பத்தொன்றாவது. மேடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கண்ணாடி போட்ட நீதிபதி, பக்கத்தில் வெள்ளை மீசை வைத்த பழைய ராணுவ அதிகாரி ஒருவர், காலையிலிருந்து கன்னத்தில் கைவைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று என்று கூப்பிட்டபோது சுவர்க்கடிகாரத்தில் நாலு அடிக்க ஐந்து நிமிஷம்.

வக்கீலம்மா நன்றாகத்தான் பேசினார். ஆனால் அரசாங்க வக்கீல் எழுந்து வேறொன்றும் பேசாமல் என் மகஜரை மட்டும் நீட்டினார். நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நூத்தி நாப்பத்தி மூணு பேர் சொல்லியிருக்காங்க, பிறந்ததிலிருந்தே இருக்குன்னு. மனைவியே கையெழுத்துப் போட்டிருக்காங்க. இதுக்கு மேல நாங்க என்னம்மா செய்யறது? யார் இதை எழுதினது?"

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க ஐயா."

"பிறந்த நாள்லருந்து இவர் காது வெடிச்சதைப் பார்த்தீங்களா?"

"ஐயா, பார்த்த மாதிரியும் இருக்குதுங்க, பார்க்காத மாதிரியும் இருக்குதுங்க."

"அப்போ ஏன் எழுதினீங்க?"

"இரக்கம் கூடட்டும்னுங்க ஐயா."

கோர்ட்டே சிரித்தது. வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டார். எத்திராஜ் எங்கள் உதடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றும் புரியாமல், ஒப்படைப்புச் சீட்டைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு பத்து.

எத்திராஜின் வாய் திறந்தது. நான் வழக்கப்படி இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன், பொத்திக்கொண்டு மேடையைப் பார்த்தேன். வெள்ளை மீசைக்காரர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு எத்திராஜையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார், மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார், அவருடைய வாயும் ஆவென்று திறந்தது.

பிறகு வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, அலமாரிக் கட்டுகளிலிருந்து எத்தனையோ வருஷத்துத் தூசி எழுந்தது, அரசாங்க வக்கீல் மேஜைக்கடியில் போனார், நீதிபதியின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அத்தனை பேர் நிறைந்த கூடத்தில் காதைப் பொத்தாமல், குனியாமல், வாயைத் திறந்தபடி நேராக இருந்தவர்கள் இரண்டே பேர், கீழே ஒருவர், மேலே ஒருவர்.

பவுனம்மா நேராக வந்து "ஆச்சு" என்றாள். எத்திராஜ் வாயை மூடினார். மேலே இருந்தவரும் அவள் உதட்டைப் பார்த்துத்தான் மூடினார் என்று எனக்குத் தோன்றியது, அவர் கண் கலங்கியிருந்தது.

"பீரங்கி பக்கத்துல நிக்கறவன் வாயைத் திறந்து வெச்சுக்கணும், இல்லன்னா காது கிழிஞ்சிடும்" என்று அவர் நீதிபதியிடம் மெதுவாகச் சொன்னார். "முதல் வாரமே சொல்லிக் குடுப்பாங்க, சொல்லிச் சொல்லி அது உடம்புல ஏறிடும். நான் விட்டு வந்து பதினாலு வருஷம் ஆச்சு, என் வாய் என்னைக் கேட்காமலே திறக்குது பாருங்க. இதைப் பிறக்கும்போதே யாரும் தெரிஞ்சுக்கிட்டு வர முடியாது."

அப்போதுதான் பவுனம்மா புடவைக்குள்ளிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். "கொட்டாவின்னு நெனைச்சிட்டேன் சாமி" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னால் அழுதாள்.

தீர்ப்பு நாலு மாதம் கழித்து வந்தது. ரேஷன் கடை வாசலில் நான்தான் படித்தேன். 'காது கேளாமையும், அதனோடு சேர்ந்து தினந்தோறும் நிகழும் வெடியொலியும் பணியால் ஏற்பட்டவையே.' எத்திராஜ் அந்த வரியின் மேல் விரலை வைத்து, "வாங்கிக்கினோம்னு இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குது" என்றேன். இன்னொரு தடவை கேட்டார், இன்னொரு தடவை சொன்னேன். "மூக்குல தழும்பு இருந்தானே, அவன் பேரு பல்பீரு" என்றார் திடீரென்று, சிரித்துக்கொண்டே. காகிதத்தை மடித்து, கம்பளிக்கும் மக்குக்கும் வாங்கிய சீட்டோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்தார். கோதண்டம், "நான் அப்பவே சொன்னேன், இது பட்டாளத்துச் சத்தம்னு" என்றான். எங்கள் எல்லோருக்கும் அப்படிச் சொன்னதாகவே ஞாபகம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு பத்துக்கு அவர் வாய் திறந்தது, நாங்கள் பொத்திக்கொண்டோம், பவுனம்மா "ஆச்சு" என்றாள். கையை எடுத்துப் பார்த்தால், மதில்மேல் இருந்த குரங்கு ஓடவில்லை, உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலரை வரைக்கும் பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தலைமையாசிரியர், "வெடிச்சிருக்கும், நாமதான் கவனிக்கல" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த வாரமே மணிக்கு நாக்கு மாட்டினார்.

ஆனால் தீர்ப்பின் கடைசி வரியை நான் படித்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து மறுபரிசோதனைக்கு ஆள் வருவார்கள், காது இன்னும் வெடிக்கிறதா என்று ஊரில் விசாரிப்பார்கள், வெடிக்கவில்லை என்றால் பென்ஷன் நின்றுபோகும். எத்திராஜுக்கும் பவுனம்மாவுக்கும் தெரியாமல் ஊரைக் கூட்டிச் சொன்னேன். கடைசியில் கோதண்டம்தான் எழுந்தான்.

"இனிமே இந்த ஊர்ல யாரும் எதையும் ஞாபகப்படுத்திக்கக் கூடாது. அவுரு வாயத் தொறந்தா காதப் பொத்திக்கணும், நல்லா இறுக்கிப் பொத்திக்கணும். வந்து கேட்டா, தெனம் பொத்திக்கிறோம் சார்னு சொல்லணும். அம்மாந்தான்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் நாலு பத்துக்கு ஊரே காதைப் பொத்திக்கொள்கிறது, ஏர் ஓட்டுகிறவன் ஏரை விட்டுவிட்டுப் பொத்துகிறான், தாய் கைக்குழந்தைக்குப் பொத்துகிறாள். ஆகவே இப்போது அது வெடிக்கிறதா இல்லையா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான்.

போன வெள்ளிக்கிழமை ரேஷன் கடை வரிசையில் நான் எத்திராஜுக்கும் பவுனம்மாவுக்கும் இரண்டு ஆள் பின்னால் நின்றிருந்தேன். அவர் வாய் திறந்தது. எல்லோரும் பொத்திக்கொண்டார்கள், நானும் பொத்திக்கொண்டேன், ஆனால் பாழாய்ப்போன மனசு கேட்காமல் ஒரு விரலைத் தளர்த்தினேன். கேனிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுவது கேட்டது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. நான் விரலைத் தளர்த்தியது வெடித்த பிறகா, வெடிப்பதற்கு முன்னாலா என்று எனக்கே நிச்சயமில்லை. பவுனம்மா என் விரலைப் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். எத்திராஜ் திறந்த வாயோடு புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தார்.

அவள் திரும்பி அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, "ஆச்சுங்க" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் விரலை இறுக்கிக்கொண்டேன்.